சொந்தக் குடியிருப்பா, வாடகையா? பெங்களூர் வீட்டு வரிக் கணக்கு

ஏப்ரல் வந்துவிட்டால் பெங்களூரில் வீடு வாங்கிய நம்ம ஆட்கள் நடுவில் ஒரே பேச்சு, வீட்டு வரிதான். மாசம் முடியறதுக்குள் மொத்தமாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி ஆச்சே! அந்த அவசரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பலரும் போன வருஷம் மாதிரியே விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இருப்பது நீங்களா, வேறு யாராவதா என்கிற கட்டம். அதில் உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் லாபம் என்பது என் கட்சி. தர்ம நியாயம் பேச வரவில்லை, கணக்கையே பார்ப்போம்.

இங்கே வரியை நாமே கணக்குப் போட்டு நாமே கட்டுகிறோம். 2008ல் வந்த முறைப்படி ஊரை ஏ முதல் எஃப் வரை ஆறு மண்டலமாகப் பிரித்து, சதுர அடிக்கு மாசம் இவ்வளவு என்று வைத்தார்கள். அந்த வருஷ ரேட்டில் பி மண்டலத்து கான்கிரீட் வீட்டுக்கு, சொந்தமாகக் குடியிருந்தால் 2 ரூபாய், வாடகைக்கு விட்டால் 4 ரூபாய். 1000 சதுர அடி சொந்தக் குடியிருப்பு என்றால் பத்து மாசத்துக்கு 20,000 (இரண்டு மாசத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை). கட்டிடத்தின் வயசுக்குத் தேய்மானம் கழியும், அதை இப்போதைக்கு விடுங்கள். 20 சதவீதம் வரி 4,000. அதன்மேல் செஸ் 24 சதவீதம்: சுகாதாரம் 15, நூலகம் 6, பிச்சைக்காரர் மறுவாழ்வு 3. (நூலகத்துக்கு 6 கொடுக்கிறோம், எத்தனை பேர் அந்தப் பக்கம் போகிறோம்?) ஆக 4,960. அதே வீடு வாடகையில் இருந்தால் 9,920. ரேட்டுகள் 2016ல் ஏறின. வாடகை வீட்டுக்குக் கூடுதல் என்பது அப்படியே இருக்கிறது.

மாற்றலாகி ஊரைவிட்டுப் போகும்போதுதான் சிக்கல். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ரசீதில் மட்டும் தொடர்ந்து 'சொந்தக் குடியிருப்பு'. "லீஸுக்குத்தானே விட்டிருக்கேன், வாடகையே வரலையே" என்பவர்களும் உண்டு. குடியிருப்பது நீங்கள் இல்லையே சார்!

கடன் ஃபைல் பார்ப்பது என் தொழில். ஒரே ஃபைலில் வருமான வரி ரிட்டர்னில் வாடகை வருமானம், நாலு பக்கம் தள்ளி வீட்டு வரி ரசீதில் சொந்தக் குடியிருப்பு. இரண்டிலும் கையெழுத்து ஒருத்தருடையதே. எனக்கே தெரிகிற முரண்பாடு, தேடுகிறவனுக்குத் தெரியாதா?

இன்னொன்று. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அந்த வருஷம் நிஜமாகக் கட்டிய வீட்டு வரியை வாடகையிலிருந்து கழித்துவிட்டுத்தான் வருமான வரிக் கணக்கு. மீதியில் 30 சதவீதம் கழிவு தனி. 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு, கூடுதலாகக் கட்டிய 4,960ல் ஆயிரத்துச் சொச்சம் இப்படியே மிச்சமாகிறது. மீதி நாலாயிரத்துக்குக் கீழே. இன்றைக்கு அது பாதி மாச வாடகைகூட ஆகாது. அதற்காக வித்தியாசத் தொகை, அபராதம், வட்டி என்று மூன்றையும் தலைக்குமேல் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டுமா? 2024ல் வட்டியைத் தள்ளுபடி செய்து ஒருமுறைத் தீர்வு என்று வாய்ப்பு கொடுத்தார்கள். நவம்பர் 30 உடன் அதுவும் முடிந்தது.

"ரோடெல்லாம் பள்ளம், எதுக்கு முழுசாக் கட்டணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கோபம்தான். 2020 செப்டம்பரில் மாநகராட்சி கவுன்சிலின் காலம் முடிந்தது. 2025ல் பிபிஎம்பி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்தன, ஆனால் அந்த வருஷம் முடியும்வரை தேர்தல் நடக்கவில்லை. வரி கட்டுகிறவனுக்குக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் ஐந்து வருஷம்! அதற்குச் சண்டை போடலாம், நானும் வருகிறேன். வீட்டு வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு போடலாம்.