களத்து வீடும் மெட்டல் டிடெக்டரும்

ஊர்ப்பக்கமிருந்து இப்ப அடிக்கடி வர்ற கேள்வி இது: "அண்ணா, இங்கிலாந்துல மெட்டல் டிடெக்டர் கடையிலயே கிடைக்குமாமே, இடிஞ்ச வீட்டுல வச்சுப் பாக்க எது நல்லது?" நான் பி.காம். படிச்சுட்டு பேங்க்ல வேலை பாக்கறவன். ஆனா இங்க ஞாயித்துக்கிழமையானா ஹெட்போன் மாட்டிக்கிட்டு உழுத வயல்ல நடக்கற ஆளுங்களோட பல வருஷமா பேசியிருக்கேன். தனித்தனியா பதில் சொல்றதுக்கு, என் கருத்தை மொத்தமா எழுதிடறேன்.

முதலமடை தெரியாதவங்களுக்கு: பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டினா வர்ற பாலக்காடு ஜில்லா ஊரு. மீன்கரை, சுள்ளியாறு அணைகள், அந்தப் பக்கம் பரம்பிக்குளம் காடு, மத்ததெல்லாம் மாந்தோப்பு. எங்க ஊர்ல களம்னா வெறும் நெல்லடிக்கிற இடம் இல்லை. தோட்டத்து வீடு, தொழுவம், பத்தாயம், கிணறு எல்லாம் சேர்ந்தது. கொங்குப் பக்கம் சாளைம்பாங்க. பிள்ளைங்க கோயமுத்தூர், துபாய்னு போனப்புறம் எத்தனையோ களம் கூரை இறங்கி, மண்சுவர் கரைஞ்சு கிடக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாட்டி கதை உண்டு: "அடுப்படியில ஒரு குடம் புதைச்சு வச்சிருந்தாங்க..."

முதல்ல எதை வாங்கக் கூடாதுன்னு சொல்றேன். ஏரியல் கம்பி நீட்டிக்கிட்டு, "நூறு மீட்டர் தள்ளி இருக்கற தங்கத்தையும் காட்டும்"னு விக்கற லாங் ரேஞ்ச் சமாசாரம் எல்லாம் ஏமாத்து வேலை. கைப்பிடியில ஏரியல் வச்சு, வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும்னு சொல்லி ஈராக் அரசாங்கத்துக்கே ஏடிஇ 651னு ஒண்ணை வித்த ஆளுக்கு 2013-ல இங்க பத்து வருஷம் ஜெயில் கிடைச்சது. உள்ளே வேலை செய்யற பாகம்னு ஒண்ணுமே கிடையாது! ரைஸ் புல்லர், இரிடியம் கலசம் எல்லாம் பார்த்த நம்மாளுங்களுக்கு இது புதுசா என்ன :-)

நிஜமான மிஷின் ரெண்டு வகை. ஒண்ணு விஎல்எஃப். ஒரு காயில் மண்ணுக்குள்ள காந்த அலையை அனுப்பும், உலோகத்துல பட்டு வர்ற பதிலை இன்னொரு காயில் வாங்கும். அந்தப் பதில் எவ்வளவு பிந்தி வருதுங்கறதை வச்சு இரும்பா, செம்பா, வெள்ளியான்னு ஓரளவு பிரிச்சுச் சொல்லும். ரெண்டாவது பல்ஸ் இண்டக்‌ஷன். ஆழம் அதிகம், மண்ணு மோசமா இருந்தாலும் சமாளிக்கும், ஆனா பிரிச்சுச் சொல்றதுல ரொம்ப மட்டம். ஆணியும் கீலும் இறைஞ்சு கிடக்கற வீட்டு மனையில அதை வச்சா நாள் பூரா துரு ஆணிதான் தோண்டணும். ஆகவே விஎல்எஃப் போதும். கேரட் ஏஸ், நோக்டா சிம்ப்ளெக்ஸ் மாதிரி ஆரம்ப மாடலே தாராளம். பல அலைவரிசையில வேலை செய்யற மைன்லேப் ஈக்வினாக்ஸ் மாதிரி இன்னும் நல்லது, ஆனா விலையும் அதுக்குத் தக்கபடி.

மாடல் பேரை விட மூணு விஷயம் முக்கியம். ஒண்ணு, கிரவுண்ட் பேலன்ஸை நாமளே சரி பண்ற வசதி. நம்ம செம்மண்ணுல இரும்புச் சத்து ஜாஸ்தி, சுட்ட ஓட்டுத் துண்டு கூட சிலசமயம் சத்தம் போடும். ரெண்டு, சின்ன காயில். பதினோரு இஞ்ச் காயில் ஒரே நேரத்துல நாலு ஆணியையும் ஒரு காசையும் சேர்த்துப் பார்த்துக் குழம்பும். ஆறு இஞ்ச் காயில் நடுவுல புகுந்து பார்க்கும். மூணு, கையில பிடிக்கற பின்பாயிண்டர். தோண்டின குழிக்குள்ள காசு எங்கேன்னு அதுதான் காட்டும்.

ஆழத்தைப் பத்தி ஆசை வேண்டாம். காசு அளவு சாமானுக்கு அரை அடி, மிஞ்சினா முக்கால் அடி. அப்புறம் மாந்தோப்புக் குப்பை. மருந்து டப்பா மூடி, பொட்டலத் தகடு, சோடா மூடி எல்லாம் கத்தும். அலுமினியத் தகடும் சின்ன தங்க மோதிரமும் மிஷினுக்குக் கிட்டத்தட்ட ஒரே நம்பர்தான். தகட்டை ஒதுக்கினா மோதிரமும் போச்சு. மே மாசம் அறுவடை முடிஞ்சு, மழை விழுந்து மண்ணு ஈரமானப்புறம் பாருங்க, சிக்னல் கொஞ்சம் நல்லா வரும். தோண்டின குழியை மூடுங்க, மாமரத்து வேரை வெட்டாதீங்க. தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

மிஷின் விஷயம் அவ்வளவுதான், அரை மணி நேரத்துல முடிவு பண்ணிடலாம். எனக்கு வருத்தம் என்னன்னா, எது வாங்கறதுன்னு கேக்கறவங்க யாரும் கிடைச்சா அது யாரோடதுன்னு கேக்கறதே இல்லை.

பேங்க்காரன் கணக்குல சொல்றேன். பத்து வருஷமா ஆளே வராத டெபாசிட் இருந்தா பேங்க் அதைத் தன் லாபத்துல சேர்த்துக்க முடியாது. 2014-லிருந்து அது ரிசர்வ் பேங்க் நிதிக்குப் போகுது. அதுக்கப்புறமும் வாரிசு வந்து கேட்டா கொடுத்தே ஆகணும். ஆளு வரலைங்கறதால பணம் நம்மளோடது ஆயிடாது. இடிஞ்ச களமும் அப்படித்தான். பட்டாவுல இன்னும் தாத்தா பேரே இருக்கும். பங்காளிங்க நாலு பேரு, அத்தைமாருங்க மூணு பேரு, அவங்க பிள்ளைங்க. இல்லைன்னா 1970-ல நிலச் சீர்திருத்தம் வந்தப்ப அது குடியானவர் கைக்கே போயிருக்கும். காலியா கிடக்கறதால அது யாருமில்லாத இடம் ஆயிடுமா?

சட்டமும் அதையேதான் சொல்லுது. செக்போஸ்டுக்குக் கிழக்கே 1878-ம் வருஷத்து புதையல் சட்டம், மேற்கே 1968-ல கேரளா தானே போட்ட சட்டம். ரெண்டுலயும் அடிப்படை ஒண்ணுதான்: மண்ணுல புதைஞ்ச பொருள் கிடைச்சா அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்தணும். பழைய சட்டத்துல பத்து ரூபாய்க்கு மேல மதிப்பிருந்தாலே கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும், மறைச்சா ஒரு வருஷம் வரை ஜெயில். சொந்தக்காரன் யாருமில்லைன்னு முடிவாச்சுன்னா, வேற ஒப்பந்தம் இல்லாதப்ப கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரனுக்குக் கால் பங்குன்னு அதே சட்டம் சொல்லுது. சொன்னவனுக்குப் பங்கு, ஒளிச்சவனுக்கு ஜெயில்.

வெளிநாட்டுல இருக்கற நம்மளுக்கு இன்னொரு ஆபத்து இருக்கு. நூறு வருஷத்துக்கு மேலான காசு 1972 சட்டப்படி தொல்பொருள். "ஞாபகத்துக்கு ஒண்ணு"ன்னு பெட்டியில போட்டுக்கிட்டு பிளேன் ஏறினா அது கடத்தல். ஆறு மாசத்துலருந்து மூணு வருஷம் வரை தண்டனை.

2024 ஜூலையில கண்ணூர் ஜில்லா செங்களாயில நூறு நாள் வேலைக்காரங்க ரப்பர் தோட்டத்துல மழைக்குழி வெட்டும்போது ஒரு பாத்திரம் கிடைச்சது. வெடிகுண்டோன்னு முதல்ல பயந்தாங்களாம். உள்ளே முத்துமணி, தங்கப் பதக்கம், மோதிரம், வெள்ளிக்காசு. போலீஸ்ல ஒப்படைச்சாங்க, அப்புறம் தொல்லியல் துறை வந்து பார்த்தது. தினக்கூலிக்காரங்க செஞ்ச நேர்மை அது. டிடெக்டரும் பாஸ்போர்ட்டும் வச்சிருக்கற நாம அதுக்குக் குறைஞ்சா நல்லாவா இருக்கும்?

இங்கயும் ரெண்டு உதாரணம் இருக்கு. 2009-ல ஸ்டாஃபோர்ட்ஷயர்ல ஒருத்தர் பழைய டிடெக்டரை வச்சு ஒரு பெரிய ஆங்கிலோ-சாக்ஸன் புதையலைக் கண்டுபிடிச்சு அதிகாரிக்குச் சொன்னார். மதிப்பு முப்பத்திரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல. அவருக்குப் பாதி, வயல்காரருக்குப் பாதி. 2015-ல ஹெர்ஃபோர்ட்ஷயர்ல ரெண்டு பேரு வைக்கிங் கால நாணயங்களை எடுத்து ரகசியமா வித்தாங்க. 2019-ல ஜெயில். நிறைய காசு இன்னும் கிடைக்கவே இல்லை. அந்த மண்ணு சொல்ல இருந்த சரித்திரமும் அதோட போச்சு.

பாலக்காட்டுக் கணவாய் ரோமாபுரிக் காசு நடந்த வழி. நம்ம மண்ணுலயும் எது எந்த ஆழத்துல, எது பக்கத்துல கிடந்ததுங்கறதுதான் பொருளை விடப் பெரிசு. அதனால நான் சொல்ற வரிசை இது: முதல்ல பட்டா பாருங்க. பங்காளிங்க, அத்தைமாருங்க எல்லார்கிட்டயும் எழுதி வாங்குங்க. கிடைச்சா கலெக்டருக்குச் சொல்றதுன்னு அதுலயே எழுதுங்க. காட்டோரமோ, அணை நிலமோ, புறம்போக்கோன்னா தொடாதீங்க. மிஷின் கடைசியா. அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட யாராவது தயங்கினாங்கன்னா, டிடெக்டருக்கு வச்ச பணத்தை டெபாசிட்ல போட்டுடுங்க.