உறவை விற்று வரும் ஊதியம்

வாணிகத்தில் வெல்ல வேண்டுமானால் உறவுகளைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் நாளைய வாடிக்கையாளராகவே காணப் பழக வேண்டும். விற்கும் சாமர்த்தியம் கைவந்துவிட்டால் சரக்கின் தரம் இரண்டாம்பட்சமே. இப்படியொரு போதனை இன்று நம் சமுதாயத்தில் செல்வாக்குப் பெற்று வருகிறது. திருமண மண்டபங்களிலும் விடுதிக் கூடங்களிலும் நடத்தப்பெறும் பயிற்சி வகுப்புகளில் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த பேச்சாளர்கள் இதனை முழங்குகின்றனர். முழங்கிவிட்டுப் போகட்டும் என்று நாம் வாளாவிருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் அத்துடன் நிற்பதில்லை. பெருமானார் (ஸல்) அவர்களும் வணிகரே. இஸ்லாம் கடல்கடந்து பரவியதும் வணிகர்களின் பழக்கத்தால்தான். ஆகவே நாங்கள் கற்பிக்கும் இக்கலை சுன்னத்தான கலை என்று தீனுக்கும் தங்கள் சந்தைக்கும் முடிச்சுப் போடுகின்றனர். அங்கேதான் நாம் வாய் திறக்கக் கடமைப்பட்டவர்களாகிறோம்.

வாணிகத்தை நாம் பழிக்கவில்லை. வாணிகத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கிய மார்க்கம் நம்முடையது. காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் அதிராம்பட்டினமும் வாணிகத்தால் வாழ்ந்த ஊர்கள். உமறுப்புலவரைப் போற்றிய வள்ளல் சீதக்காதி கீழக்கரையின் பெருவணிகரே. உறவையும் நாம் பழிக்கவில்லை. நல்ல வணிகனுக்கும் அவனை நாடி வருவோனுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக அன்பு தழைத்த கதைகள் நம் ஊர்களில் ஏராளம். நாம் கேட்பது ஒன்றே: நேர்மையான வாணிகத்தின் கனியாக உறவு விளைந்ததா, அல்லது வாணிகத்தின் தூண்டிலாக உறவு வீசப்பட்டதா? முன்னது பரக்கத்து. பின்னது மீன்பிடி.

அல்அமீன் என்னும் திருப்பெயர்

அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஏற்றிக்கொண்டு பெருமானார் (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்றதைச் சீறாப்புராணம் விரிவாகவே பாடுகிறது. அந்தப் பயணத்துக்கு அவர்களைத் தேர்ந்தெடுக்க வைத்தது எது? அவர்களின் வாய்மையும் நம்பகமும் மக்கா நகரில் பெற்றிருந்த நற்பெயரே. அல்அமீன் என்பது சரக்கு விற்பதற்காகப் பலகையில் எழுதித் தொங்கவிட்ட பெயரன்று. ஊரார் கண்டு, உணர்ந்து, தாமாகச் சூட்டிய பெயர்.

அந்த நம்பிக்கையை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். உயிருக்கே உலை வைத்துக் காத்திருந்த மக்கத்துப் பகைவர்களின் பொருள்கள் அவர்களிடம் அடைக்கலமாக இருந்தன. ஹிஜ்ரத்துக்குப் புறப்பட்ட இரவில், அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். நம்பிக்கை என்பது அவர்களிடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய அமானிதம். நம் பேச்சாளர்களிடத்திலோ அது பணமாக மாற்றிக்கொள்ள வேண்டிய முதல். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவது எந்த அகராதியின் வழக்கு?

ஒரு நபிமொழியும் ஒரு புரட்டும்

வாழ்வாதாரம் விரிவாக வேண்டும், ஆயுள் நீள வேண்டும் என்று விரும்புபவர் தம் உறவைச் சேர்ந்து நடக்கட்டும் என்னும் கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. இதனைத்தான் அவர்கள் தங்கள் கலைக்கு ஆதாரமாகக் காட்டுகின்றனர். பாருங்கள், உறவைப் பெருக்கினால் ரிஸ்க் பெருகும் என்று அன்றே சொல்லப்பட்டிருக்கிறதே என்கின்றனர்.

அந்த நபிமொழியில் வருவது ரஹிம் என்னும் சொல். அது தாயின் கருவறையைக் குறிப்பது. ரஹ்மான், ரஹீம் என்னும் இறைத் திருநாமங்கள் பிறந்த வேரிலிருந்தே அதுவும் பிறந்தது. கருவறையால் அமைந்த உறவைச் சேர்ந்து நடத்தல் வேறு; கைகுலுக்கி, பெயர்ச்சீட்டு மாற்றி, வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக்கொள்ளும் அறிமுகம் வேறு. அது மட்டுமன்று. உறவைச் சேர்ந்து நடப்பவர் யார் என்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே வரையறை தந்திருக்கிறார்கள். செய்ததற்கு ஈடு செய்பவர் உறவைச் சேர்ப்பவரல்லர். துண்டிக்கப்பட்ட போதும் தாம் சேர்ந்து நடப்பவரே அவர் என்பது அதன் கருத்து. அரபு மொழியில் முகாஃபி என்றால் கைம்மாறு செய்பவன். கைம்மாறு செய்பவனுக்கே வாஸில் என்னும் பெயர் கிடையாது என்றால், கைம்மாற்றைக் கணக்கிட்டுக்கொண்டு உறவாட வருபவனுக்கு எந்தப் பெயர் வைப்பது? ரிஸ்க் விரிவாவது இறைவன் தரும் பரிசு. பரிசை எதிர்பார்த்து உறவினன் வீட்டுக்குப் போகலாம். அப்பரிசை அந்த உறவினனின் சட்டைப்பையிலிருந்தே எடுக்கப் போகலாமா?

தமிழ்ச் சான்றோரும் இதை அறிந்திருந்தனர். இம்மையில் கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று எண்ணிக் கொடுப்பவனை, அறத்தை விலைக்கு விற்கும் வணிகன் என்று புறநானூறு ஒதுக்குகிறது. ஆய் அண்டிரன் அத்தகையவன் அல்லன் என்று பாராட்டுகிறது. மறுமைப் பயனை எண்ணிச் செய்த கொடையையே வாணிகம் எனத் தள்ளிய மொழி, மாதக் கடைசியில் வரும் கமிஷனை எண்ணிச் செய்த நலம்விசாரிப்பை என்னவென்று சொல்லும்?

சாமர்த்தியமும் ஷரீஅத்தும்

இனி, விற்பனைச் சாமர்த்தியத்துக்கு வருவோம். புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் இவர்கள் கற்பிக்கும் தந்திரங்களுள் பெரும்பாலானவை அரபு நாட்டுச் சந்தைகளில் அன்றே இருந்தவை. பெயர் சொல்லித் தடுக்கப்பட்டவை.

ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறவாமல் விட்டு, மடி பெருத்துத் தோன்றச் செய்து விற்பது ஒரு தந்திரம். இதற்குத் தஸ்ரியா என்று பெயர். இது தடுக்கப்பட்டது, ஏமாந்து வாங்கியவர் மூன்று நாளைக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் பெற்றார். பெரிய பெட்டிக்குள் சிறிய பொருளை வைத்து விற்பவர்கள் இந்த மடியைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். வாங்கும் எண்ணமே இல்லாதவன், பிறனை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பது இன்னொரு தந்திரம். இதற்கு நஜ்ஷ் என்று பெயர். வேட்டை விலங்கைக் கலைத்து வலைப்பக்கம் விரட்டுவதே இச்சொல்லின் மூலப்பொருள். வாங்காத பொருளை வாங்கியதாகவும், தீராத நோய் தீர்ந்ததாகவும் கூலிக்குச் சான்று எழுதுபவர்கள் செய்வது இந்த விரட்டல் அல்லாமல் வேறென்ன? இப்போலிச் சான்றுகளைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் ஒரு தரவிதியே வகுக்க வேண்டியதாயிற்று. தானியக் குவியலுக்குள் திருக்கரத்தை நுழைத்து, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி இதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாறு நம் பிள்ளைகளும் அறிந்ததே.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பொருளீட்டும் ஒழுக்கங்களைப் பற்றித் தனி நூற்பகுதியே வகுத்திருக்கிறார்கள். அதில் பஸராவின் துணி வணிகர் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களைப் பற்றிய செய்தி ஒன்று வருகிறது. ஒருவர் பட்டுத்துணி கேட்டு வந்தார். பணியாள் கட்டைப் பிரித்து விரித்து, அதைப் பார்த்து, இறைவா எங்களுக்குச் சுவனத்தை அருள்வாயாக என்று துஆச் செய்தார். யூனுஸ் அவர்கள் துணியை மடித்து வைக்கச் சொல்லிவிட்டார்கள், விற்கவே இல்லை. ஏன்? அந்தத் துஆ, சரக்கின் அழகை மறைமுகமாகப் புகழ்ந்ததாகிவிடுமோ என்னும் அச்சம்!

இங்கே ஒரு மறுப்பு எழும்: இவையெல்லாம் இறைநேசர்களின் பேணுதல்; இக்காலத்தில் இப்படிக் கடை நடத்த முடியுமா? நியாயமான வினாவே. யூனுஸ் அவர்களின் பேணுதலை எல்லார்மீதும் கடமையாக்க நாம் வரவில்லை. உள்ள பொருளை உள்ளபடி விளம்பரம் செய்வதை எந்த ஃபகீஹும் ஹராம் என்றதில்லை. ஆனால் நேர்மை கடையை மூடிவிடும் என்பது வரலாறறியாதார் கூற்று. இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் பட்டு வணிகம் நடத்தியவர்கள், செல்வராகவே வாழ்ந்தவர்கள். அவர்களின் கூட்டாளி, குறையுள்ள துணியொன்றைக் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த விற்பனைத் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். அவர்களின் கடை மூடிப்போகவில்லை. ஒரு பெண்மணி நூறு விலை சொல்லிக் கொண்டுவந்த ஆடையை, இதன் மதிப்பு அதைவிடக் கூடுதல் என்று தாமே ஏற்றிச் சொல்லி ஐந்நூறுக்கு வாங்கியவர்களும் அவர்களே. கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத புகார் நகர வணிகரைப் பட்டினப்பாலை போற்றுவதும் இந்த நெறிக்காகத்தான்.

ஆறில் ஐந்து பேர்

உறவை முதலாக்கும் போதனை கடைசியில் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது? சங்கிலி வணிகத்தில். நீ ஒருவன் பணம் கட்டிச் சேர். ஆறு பேரைச் சேர்த்துவிடு. அவர்கள் ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்கட்டும். நீ உறங்கும்போதும் உனக்கு வருமானம் வரும் என்பது அதன் மந்திரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாம் படியில் மட்டும் 6,04,66,176 பேர் சேர வேண்டும். முதல்வனிலிருந்து அதுவரை சேர்ந்தோரைக் கூட்டினால் 7 கோடியே 25 லட்சத்துக்கும் மேலாகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையே சுமார் 7 கோடியே 21 லட்சம்தான். தொட்டில் குழந்தையும் கட்டிலில் கிடக்கும் முதியவரும் சேர்ந்தாலும் பத்தாம் படி நிறையாது. பன்னிரண்டாம் படிக்கு 217 கோடிப் பேர் வேண்டும். இந்தியா முழுவதையும் திரட்டினாலும் போதாது. எந்தப் படியில் நின்றாலும், சேர்ந்தவர்களுள் ஆறில் ஐந்து பங்கினர் கடைசிப் படியில்தான் நிற்பர். தமக்குக் கீழே ஒருவரும் இல்லாதவர்கள் அவர்கள். மேலே இருப்பவனின் ஊதியம் அவர்கள் கட்டிய பணமே. அவர்கள் யார்? மச்சான், மாமி, பக்கத்து வீட்டு விதவை, ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதவர். அந்நியன் கேட்டிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள். நம்மவர் கேட்டதால் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

தரகுக் கூலி ஆகுமானது என்று வாதிடுவர். ஆம், செய்த வேலைக்குத் தரகு ஆகும். தான் காணாத ஊரில், தான் அறியாத ஒருவன், தான் சொல்லாத சொல்லால் விற்றதற்குத் தனக்குக் கூலி எப்படி ஆகும்? சவூதி அரபியாவின் நிலையான ஃபத்வாக் குழு 2004-ஆம் ஆண்டில் இவ்வகை வணிகத்தை ஹராம் என்றே தீர்ப்பளித்தது. இந்தோனேசிய உலமாக்கள் 2009-இல் அனுமதித்தார்களே என்பர். அனுமதிக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. நிபந்தனைகளையும் சேர்த்து வாசியுங்கள் என்கிறோம். மெய்யான சரக்கு வேண்டும், விலையை அளவுமீறி ஏற்றலாகாது, உண்மையான உழைப்புக்கே கமிஷன், சும்மா இருப்பவனுக்குத் தொடர் வருமானம் கூடாது என்றெல்லாம் அவர்கள் விதித்தார்கள். இந்நிபந்தனைகள் நிறைவேறினால் உறங்கும்போது வரும் வருமானம் எங்கே போகும்? நம் நாட்டுச் சட்டமும் 1978-லேயே பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்தது. 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களை வெளிப்படையாகவே விலக்கின.

சங்கிலி இல்லாமலும் இவ்வலை விரிக்கப்படுவதுண்டு. பெங்களூரில் ஹலால் முதலீடு என்னும் பெயரால் பல்லாயிரவரிடம் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம், 2019 ஜூனில், நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களிலேயே சரிந்தது. நிறுவனர் நாட்டைவிட்டுப் போய், ஜூலையில் டில்லி வந்திறங்கியபோது கைதானார். பணம் கட்டியவர்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களே. அவர்களை ஈர்த்தது இலாபக் கணக்கு மட்டுமன்று. நம்மவர் என்னும் சொல்லும் ஹலால் என்னும் சொல்லும்.

உலமாக்களுக்கு ஒரு வேண்டுகோள்

இப்பேச்சாளர்கள் முதலில் தேடிவருவது யாரை? மஹல்லாவின் நம்பிக்கையைப் பெற்ற இமாமை; மத்ரஸாவிலிருந்து வெளிவந்த இளம் ஆலிமை. அவர் ஒருவர் சேர்ந்தால் ஜமாஅத்தே சேரும் என்பது அவர்களின் கணக்கு. குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அக்கணக்கு இனிக்கத்தான் செய்யும். அவரை இந்த நெருக்கடியில் வைத்திருக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இதிலே பங்குண்டு. கூலியைக் குறைத்துவிட்டுப் பேணுதலை மட்டும் எதிர்பார்ப்பது நீதியன்று. ஆயினும் ஆலிமின் தலைப்பாகைக்கு மதிப்பு அவர் தந்ததன்று; இல்மு தந்தது. அதை அடகு வைக்க அவருக்கு உரிமையில்லை. அவர் சொல்லை நம்பி ஓர் ஏழை பணம் இழந்தால், மறுநாள் அவர் சொல்லும் ஹதீஸையும் அந்த ஏழை ஐயத்தோடுதான் கேட்பான். அந்த நட்டத்தை எந்தக் கமிஷன் ஈடுகட்டும்?

கடை திறக்கும் இளைஞர்களே! சரக்கை நல்லதாக வாங்குங்கள்; குறையிருந்தால் வாங்குபவர் கேட்குமுன் சொல்லுங்கள்; விலையைத் தெரியும்படி எழுதி வையுங்கள்; சத்தியம் செய்து விற்காதீர்கள்; திருப்பிக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காதீர்கள். உறவு தானாக வரும். வலீமா விருந்துக்குப் போனால் மணமக்களுக்குத் துஆச் செய்துவிட்டு வாருங்கள். ஜனாஸா வீட்டுக்குப் போனால் ஆறுதல் சொல்லிவிட்டு வாருங்கள். அங்கே சரக்குப் பேசாதீர்கள். ஸலாம் என்பது சாந்தியை வழங்கும் சொல். அதைச் சொல்லிக்கொண்டு வருபவனைக் கண்டு, எதை விற்க வருகிறானோ என்று ஒரு முஸ்லிம் அஞ்சும் நாள் நம் ஊர்களில் வந்துவிடக் கூடாது.

வல்ல நாயன் நம் வாணிகத்தில் வாய்மையையும், நம் உறவுகளில் தூய்மையையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.