ஆடி மாதமும் மேற்படிப்பும்

வருஷத்திற்கு மாதம் பன்னிரண்டு இருந்தும், ஒரு நல்ல காரியத்தை ஆரம்பிப்பதற்கு நம் மக்களுக்கு நாள் கிடைப்பதில்லை என்பது யாவரும் அறிந்ததேயாகும். ஆடி ஆகாது, மார்கழி ஆகாது. மற்ற மாதங்களிலோ செவ்வாய் ஆகாது, சனி ஆகாது, அஷ்டமி ஆகாது, நவமி ஆகாது. இவையெல்லாம் கழித்து மீதியிருக்கிற நாளிலும் ராகுகாலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி ஆகாது. இவ்வளவும் போக மிஞ்சிய நேரத்தில்தான் நாம் உலகத்தோடு போட்டி போட வேண்டுமாம்!

இதை இப்போது எழுத வேண்டி வந்த காரணம் யாதெனில், சென்ற மாதம் ஒரு கூட்டத்திற்காக ஆண்டிமடம் சென்றிருந்தபோது கேள்விப்பட்ட ஒரு சங்கதியேயாகும். கூட்டம் முடிந்தபின் டீக்கடையில் ஒரு பெரியவர் அருகில் வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் முந்திரித் தோப்பும் கொஞ்சம் மானாவாரி நிலமும் உள்ளவர். அவருடைய மகள் பி.எஸ்ஸி. தேறி, மூலக்கூறு உயிரியலில் எம்.எஸ்ஸி. படிக்க விரும்பி, பிரவேசப் பரீட்சை எழுதி, வெளியூர் சர்வகலாசாலை ஒன்றில் இடமும் பெற்றுவிட்டாள். ஆனால் சேர வேண்டிய நாள் ஆடி மாதத்தில் விழுந்துவிட்டது. ஜோசியர், "ஆடியில் வீட்டைவிட்டுப் பெண் கிளம்பக் கூடாது, ஆவணி பிறக்கட்டும்" என்றாராம். ஆவணி பிறந்தது. இவர்களும் பெட்டியுடன் போனார்கள். குறித்த நாளில் பணம் கட்டாததால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"என்ன தம்பி செய்வது, அவள் தலையெழுத்து அப்படி" என்றார் பெரியவர்.

"ஐயா, இந்த வருஷம் நிலக்கடலை எப்போது விதைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆடியில்தான் தம்பி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்வார்களே!" என்றார்.

சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் பேசாமலிருந்தார். அந்த ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணின் ஒரு வருஷம் போயிற்றே என்ற வேதனைதான் வந்தது.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். மண்ணில் விதை போட ஆடி நல்ல மாதம்; மகள் மூளையில் அறிவு போட ஆடி கெட்ட மாதமா? அம்மனுக்குக் கூழ் ஊற்ற ஆடி நல்ல மாதம். கோயில் உண்டியலில் காசு போட ஆடிப்பெருக்கு நல்ல நாள். ஜவுளிக்கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட ஆடி நல்ல மாதம். சர்வகலாசாலையில் பணம் கட்டிச் சேருவதற்கு மட்டும் கெட்ட மாதமாகிவிடுமா? ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை ஆடி. அதே சமயத்தில்தான் நாட்டிலுள்ள பல சர்வகலாசாலைகள் மேற்படிப்பிற்கு ஆள் சேர்க்கின்றன. ஆகவே ஆடி ஆகாது என்பவன் மேற்படிப்பே ஆகாது என்று சொன்னவனாகிறான். பஞ்சாங்கம் பார்க்காதவன் பிள்ளை உள்ளே போகிறான்; பார்த்தவன் பிள்ளை வெளியே நிற்கிறாள். இதுவே பஞ்சாங்கத்தால் நாம் கண்ட பலன்.

நிற்க, அந்தப் பெண் படிக்க விரும்பிய படிப்புத்தான் என்ன என்பதைச் சற்று கவனிப்போம். ஏனெனில் "தலையெழுத்து" என்னும் புரட்டுக்கு இந்தப் படிப்பைவிடப் பெரிய விரோதி வேறில்லை.

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. செல்லுக்குள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நாலே எழுத்துக்கள் மாறி மாறி அமைந்து, ஒரு தொகுதிக்குச் சுமார் 300 கோடி எழுத்து ஜோடிகளாக இருக்கின்றன. ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் பெண்மணியின் எக்ஸ்ரே படங்களும் துணை செய்ய, வாட்ஸனும் கிரிக்கும் 1953ல் இந்த இழையின் முறுக்கேணி உருவத்தை வெளியிட்டார்கள். இந்த எழுத்தை மனிதன் படிக்கிறான். பிழையிருந்தால் இன்ன இடத்தில் பிழை என்று காட்டுகிறான். இப்பொழுது திருத்தவும் ஆரம்பித்துவிட்டான். ஆனால் பிரமன் எழுதியதாகச் சொல்லும் எழுத்தை இதுவரை எவனாவது படித்ததுண்டா? படிக்க முடியாத எழுத்துக்கு அர்த்தம் சொல்லிக் காசு வாங்குகிறவனை என்னவென்று அழைப்பது?

ஒரு உதாரணம் சொல்கிறேன். அரிவாள் செல் சோகை என்று ஒரு பரம்பரை நோய். நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேயும் உண்டு. சிவப்பு அணு வட்டமாக இராமல் அரிவாள்போல் வளைந்து, இரத்தக் குழாயை அடைத்து, தாங்க முடியாத வலி கொடுக்கும். முற்பிறப்பில் செய்த பாவம், தெய்வக் குற்றம் என்று சொல்லி நம்மவர் ஆட்டை வெட்டுவார்கள். உண்மை என்னவென்றால், இரத்தத்திற்கு நிறம் தரும் ஹீமோகுளோபினை உண்டாக்கும் ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அடினைன் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் இருக்கிறது. அவ்வளவே பாவம்! இந்நோய்க்கு ஜீனையே திருத்தியமைக்கும் சிகிச்சைக்கு 2023ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்துவிட்டன. ஆனால் அதன் விலை நம் பணத்தில் கோடிக்கணக்கில் ஆகிறது. நீலகிரி ஏழைக்கு எட்டும் விலையில் அதை யார் செய்து கொடுப்பார்கள்? ஆட்டை வெட்டுகிற பூசாரியா, அல்லது ஆண்டிமடத்திலிருந்து எம்.எஸ்ஸி. படிக்கப் புறப்படும் பெண்ணா?

2020ல் கொரோனா வந்தபோது மாட்டு மூத்திரம் குடித்தவர்களும் உண்டு, விளக்கேற்றியவர்களும் உண்டு. ஆனால் மூக்கில் குச்சிவிட்டு எடுத்துச் செய்த பி.சி.ஆர். சோதனையே யாருக்கு நோய் என்று சொல்லிற்று. அந்தச் சோதனை இந்தப் படிப்பின் பிள்ளை.

இன்னும் ஒரு சங்கதி. பிரமன் முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற கதையைக் கேட்டிருக்கிறோமல்லவா? ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்தாரும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் சேர்ந்து நம் நாட்டு மக்களின் டி.என்.ஏ.யைப் பரிசோதித்து 2013ல் வெளியிட்டார்கள். சுமார் 4200 ஆண்டுகளுக்கும் 1900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டு மக்கள் நன்றாகக் கலந்தார்கள் என்றும், அதன்பின்தான் தன் கூட்டத்திற்குள்ளேயே கல்யாணம் என்ற கட்டு இறுகியது என்றும் தெரிகிறது. அதாவது அநாதி, சனாதனம் என்று சொல்லப்படும் ஏற்பாடு நடுவில் வந்து புகுந்ததேயாகும். புராணத்தை இத்தனை நாளும் வாயால் மறுத்தோம். இனி நம் பிள்ளைகள் இரத்தச் சொட்டைக் காட்டி மறுக்கலாம். வேண்டாமென்கிறீர்களா?

"இதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளின் படிப்பு, நமக்கு வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஜோசியனின் வார்த்தையைவிடக் கேடானது இந்த வார்த்தை.

ஹர் கோவிந்த் குரானா என்பவர் பஞ்சாபில், இப்போது பாகிஸ்தானிலுள்ள ராய்ப்பூர் என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். சுமார் நூறு பேர் வாழ்ந்த ஊர். தகப்பனார் கிராமக் கணக்கர். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அது ஒன்றுதான். மரத்தடியில் பாடம் கேட்ட அந்தப் பிள்ளை, டி.என்.ஏ. எழுத்துக்கள் எப்படிப் புரதமாகின்றன என்பதை விளக்கியதற்காக 1968ல் நோபல் பரிசு பெற்றார். 1897ல் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் படித்து, கடல் கடந்து, 1931ல் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். அக்காலத்தில், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட தீயர் ஜாதியில் பிறந்த ஒரு பெண், தனியே கடல் தாண்டினாரே, எந்த மாதத்தில் கப்பலேறினார் என்று யாராவது கேட்டார்களா?

ஆண்டிமடத்திலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய சிதம்பரத்தில் 1952ல் பிறந்தவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 1976ல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, மணமும் ஆன பிறகு, "நமக்குப் பிடித்தது உயிரியல்" என்று கண்டு, கலிபோர்னியாவில் மறுபடியும் மாணவனாகப் போய் உட்கார்ந்து உயிரியலைப் படித்தார். செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவரே 2016ல் சண்டிகாரில் பேசும்போது ஜோசியம் பொய் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அவர் பிராமணர் வீட்டுப் பிள்ளை, தாயும் தகப்பனும் விஞ்ஞானிகள் என்று நம் தோழர்கள் சொல்லக்கூடும். நானும் அதையேதான் சொல்கிறேன். அவர் வீட்டில் புத்தகம் இருந்தது. விஞ்ஞானப் பேச்சு இருந்தது. பரம்பரையாக வந்த "திறமை" என்று சொல்லிக் கொள்வதில் பெரும்பங்கு அந்தப் புத்தக அலமாரிதான். ஆகவே நாம் செய்ய வேண்டியது, நம் பிள்ளைக்கும் அந்த அலமாரியை வைத்துக் கொடுப்பதா, தோஷம் கழிக்கத் தட்சிணை வைத்துக் கொடுப்பதா?

"படித்த விஞ்ஞானிகளே ராக்கெட்டின் பொம்மையைத் திருப்பதிக்கு எடுத்துப் போகிறார்களே" என்றும் கேட்பார்கள். வாஸ்தவந்தான். அப்படிக் கும்பிட்டுவிட்டு விட்ட ராக்கெட்டும் கடலில் விழுந்ததுண்டு. விழுந்தபின் பழுதைக் கண்டுபிடித்தது கணக்கும் சோதனையுமேயன்றி லட்டு அல்ல. படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்குத்தான் அது சாட்சி.

சர்க்காரின் யோக்கியதையும் பாருங்கள். 2001ல் சர்வகலாசாலை மானியக் குழுவானது ஜோசியத்தைப் பட்டப் படிப்பாக வைக்கத் தீர்மானித்தது. எதிர்த்து வழக்காடியவர் யார்? ஹைதராபாத்தில் 1977ல் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்த புஷ்ப பார்கவா. பாடத்திட்ட விஷயத்தில் தலையிட முடியாதென்று 2004ல் சுப்ரீம் கோர்ட்டு அவர் மனுவைத் தள்ளிவிட்டது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது பிரஜையின் கடமை என்று 1976ல் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்ட நாடு இது!

சரி, இனி செய்ய வேண்டியது என்ன? மேற்படிப்புக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சொல்கிறேன்.

முதலாவது, நாள் பார்க்க வேண்டியது பஞ்சாங்கத்தில் அல்ல. விண்ணப்பத்தின் கடைசி நாளைப் பாருங்கள், பணம் கட்டும் கடைசி நாளைப் பாருங்கள், அவற்றைச் சுவரில் எழுதுங்கள். ஜாதகத்தை விட்டுவிட்டு ஜாதிச் சான்றும் மாற்றுச் சான்றும் வருமானச் சான்றும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, பரீட்சையைத் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய சர்க்காரின் உயிரித்தொழில்நுட்பத் துறை உதவி பெறும் மேற்படிப்புகளுக்கு ஜி.ஏ.டி.-பி. என்ற பரீட்சை உண்டு. அதில் ஒரு பகுதி பன்னிரண்டாம் வகுப்புப் பௌதிகம், ரசாயனம், கணக்கு, உயிரியல். பி.எஸ்ஸி. முடித்தவுடன் கணக்கை மறந்தவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் உண்டு. ஐ.ஐ.டி.களுக்கு ஜாம், மத்திய சர்வகலாசாலைகளுக்கு 2022 முதல் சி.யு.இ.டி. என்று தனித்தனியே இருக்கின்றன.

மூன்றாவது, இங்கிலீஷ் பயம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழிலும் இங்கிலீஷிலும் காசில்லாமல் கம்ப்யூட்டரில் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். தினம் பத்து வார்த்தை நோட்டில் எழுதுங்கள். பள்ளியை எட்டாவதோடு விட்ட நான் படித்தது இந்த முறையில்தான். நான் பண்டிதனாகவில்லை, ஆனால் என்னை எவனும் இங்கிலீஷைக் காட்டி மிரட்ட முடியாது.

பிரவேசப் பரீட்சை என்றாலே இந்தப் பக்கத்துப் பெற்றோருக்கு நெஞ்சு அடைக்கும் என்பது எனக்குத் தெரியும். இதே அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா 1200க்கு 1176 வாங்கியும் டாக்டர் படிப்பு மறுக்கப்பட்டு, 2017ல் அந்தப் பெண்ணை நாம் இழந்ததை யார் மறப்பார்கள்? அநியாயமான பரீட்சையை எதிர்ப்பது நம் கடமை. அதோடு, எழுத வேண்டிய பிள்ளையைத் தனியே விடாமல், தோற்றாலும் வேறு வழி உண்டு என்று கூட நிற்பதும் நம் கடமை.

கடைசியாக நம் இயக்கத் தோழர்களுக்கு. கூட்டத்தில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய், "பெண் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு, மாப்பிள்ளை கிடைப்பானா?" என்று கேட்பவர் நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஜோசியனுக்கும் வித்தியாசம் என்ன? அவன் காசு வாங்கிக்கொண்டு கெடுக்கிறான்; இவர் காசு வாங்காமல் கெடுக்கிறார்.

ஆண்டிமடத்துப் பெரியவர் பஸ் ஏற்றிவிட வந்தபோது, "இந்தத் தடவையும் எழுதியிருக்கிறாள் தம்பி, வந்தால் ஆடியிலேயே கொண்டுபோய் விடுகிறேன்" என்றார். அது போதும். ஆடியில் விதைத்ததுதான் நன்றாக விளையும் என்று நம் பாட்டனுக்கே தெரியும்.