போகிக்கு ஒரு போர்வை



பொங்கல் விடுமுறை எத்தனை நாள் என்று இப்போதே விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். வீட்டில் வெள்ளையடிப்பு, பரண் சுத்தம் எல்லாம் நடந்துகொண்டிருக்கும். பரணிலிருந்து இறங்கிய பழைய துணி மூட்டை இப்போது எங்கே இருக்கிறது? கொல்லையில், போகி நெருப்புக்காகக் காத்திருக்கிறதா?

அதைக் கொளுத்துவதற்கு முன்னால், ஐந்து நிமிடம் இந்த டீச்சர் பாட்டி சொல்வதைக் கேளுங்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய கம்பளி கிடையாது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியம்மாக்கள் இருவர் என நான்கு பேர் திண்ணையில் கூடுவார்கள். பழைய நூல் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து தைப்பார்கள். வயலில் நாற்று நட்ட வரிசை போலத் தையல் வரிசை நீளும். ஊர்க்கதை எல்லாம் பேசி முடிப்பதற்குள் ஒரு போர்வை தயாராகிவிடும்!

அறுவடைக் காலத்தில் அப்பா இரவில் களத்து நெல்லுக்குக் காவல் படுப்பார். கீழே வைக்கோல், அதன்மேல் பாய், மேலே அந்தப் போர்வை. தை மாதத்துப் பனி அதைத் தாண்டி உள்ளே வராது.

மெல்லிய புடவைகள் சேர்ந்து எப்படிக் குளிரைத் தடுக்கின்றன? அறிவியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. துணி மடிப்புகளுக்கு இடையே காற்று மாட்டிக்கொள்கிறது. அது நம் உடம்பின் சூட்டை வெளியே விடுவதில்லை. மடிப்புகள் நழுவாமல் பிடித்துக்கொள்வதுதான் தையலின் வேலை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. இப்படிப் பழந்துணி அடுக்கித் தைப்பதை வங்காளத்தில் காந்தா என்கிறார்கள். நம்முடைய ‘கந்தை’ போலவே ஒலிக்கிறது அல்லவா? மராட்டியத்தில் கோதடி. பீகாரில் சுஜனி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து, நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் வண்ணத் துணியை மடித்து வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பெயர் ‘பூ’. பூ வைக்காவிட்டால் போர்வை முழுமை பெறாது என்பது அவர்கள் எண்ணம்.

இனி நான் சொல்லப்போவது, நான் செய்த ஒரு தவறு.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நீங்கள் யாரும் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நான் அப்போது ஆசிரியை. “வீட்டில் உள்ள பழைய துணிகளைக் கொண்டு வாருங்கள்” என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மறுநாளே மூட்டைகள் குவிந்துவிட்டன. ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம்.

போன இடத்தில் நான் கண்ட காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை. பல ஊர்களிலிருந்து வந்த பழைய துணிகள் சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தன. யாரும் தொடவில்லை. முகாம் வாசலில் பேரனை மடியில் வைத்திருந்த ஒரு பாட்டியிடம் எங்கள் மூட்டையை நீட்டினேன்.

“துணி வேணாம் டீச்சரம்மா. கிழிஞ்சத குடுத்தா வாங்கிக்கிற சனம்னு எங்கள நெனச்சிட்டாங்க போல. போன வாரம் வரைக்கும் நாங்களும் நல்லா இருந்தவங்கதான். ராத்திரி பனி தாங்கல. புள்ளைக்குப் போத்த ஏதாச்சும் இருந்தா குடுங்க” என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அங்கேயே எங்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். பொத்தான் இல்லாத சட்டை. பின்பக்கம் கிழிந்த கால்சட்டை. மைக்கறை படிந்த சீருடை. போர்த்திக்கொள்ள ஒன்றுகூட இல்லை. கொண்டு வரச் சொன்னவள் நான்தான். ஒரு மூட்டையைக்கூடப் பிரித்துப் பார்க்காதவளும் நான்தான்.

மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். மூட்டையில் இருந்த நல்ல நூல் புடவைகளைத் துவைத்துக் காயவைத்துத் தைக்க உட்கார்ந்தோம். “தையல் எல்லாம் பொம்பளப் புள்ளைங்க வேலை டீச்சர்” என்று ஒரு பையன் நழுவப் பார்த்தான். “குளிர் ஆம்பளை, பொம்பளை பார்த்தா வருது?” என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டான்.

அவன் போட்ட தையல் பாம்பு போல வளைந்து வளைந்து போனது. பிரித்துவிடலாம் என்று கத்திரியை எடுத்தேன். பக்கத்தில் இருந்த சிறுமி, “இருக்கட்டும் டீச்சர். நான் பக்கத்துலயே இன்னொரு வரி போட்டுடுறேன். அது தாங்கிக்கும்” என்றாள். நாலைந்து நாட்களில் இரண்டு போர்வைகள் முடிந்தன.

மறுபடியும் போனோம். அந்தப் பாட்டி போர்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு தச்சது?” என்று கேட்டார். ஆறு பேரும் கையைத் தூக்கினார்கள். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்த பேரனுக்கு அதை அப்போதே போர்த்திவிட்டார்.

குழந்தைகளே, இரண்டு முறையும் நாங்கள் கொண்டுபோனது அதே பழந்துணிதான். முதல் முறை அது நமக்கு வேண்டாத பொருள். இரண்டாம் முறை அதில் ஆறு பேரின் உழைப்பு இருந்தது.

இதையே பெரிய அளவில் செய்து காட்டியவர் அன்ஷு குப்தா. தில்லியில் 1999ஆம் ஆண்டு, தம் வீட்டிலிருந்த 67 துணிகளோடு ‘கூஞ்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் கேட்பாரற்றுக் கிடந்த துணிகளைப் பயனுள்ள பொருள்களாக மாற்றும் பணியிலும் அந்த அமைப்பு ஈடுபட்டது. பழைய துணிகளிலிருந்து சுஜனிகளும் தைக்கிறார்கள். வாங்குபவரின் சுயமரியாதை குறையக் கூடாது என்பது அவர்களுடைய கொள்கை. 2015ஆம் ஆண்டு அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நண்பர்கள் நான்கு பேர் சேருங்கள். அம்மாவிடம் கேட்டு இரண்டு பழைய நூல் புடவைகளை வாங்கி, துவைத்து வெயிலில் காயவையுங்கள். ஐந்தரை மீட்டர் புடவையை மூன்றாக மடித்தால் ஏறக்குறைய ஆறடி நீளம் வரும். இரண்டு புடவைகளையும் மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஆறு மடிப்பு. இற்றுப்போன இடத்தில் பழைய சட்டைத் துணியை ஒட்டுப் போடுங்கள். ஓரங்களை உள்பக்கம் மடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக ஓட்டுத் தையல் போடுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் மூன்று விரல் இடைவெளி விட்டு அடுத்த சுற்று. அப்படியே நடுவுக்கு வந்து சேருங்கள். மூலைக்கு ஒரு ‘பூ’வும் வைக்கலாம்! கத்திரிக்கோல் வேலைக்குப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். எழுந்திருக்கும்போது ஊசிகளை எண்ணி எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

பாலியஸ்டர் துணி போர்வைக்கு ஆகாது. அதற்காக நெருப்பிலும் போடாதீர்கள். அது எரிந்தால் பிளாஸ்டிக் எரிந்த புகைதான். தேய்த்துத் துடைக்க, மூட்டை கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

தைத்த போர்வையை யாருக்குக் கொடுப்பது? சம்பா அறுவடை தொடங்குகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில், நெல்லைக் குவித்துவிட்டுத் தாத்தாக்கள் பனியில் விழித்துக் கிடப்பார்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

கொடுப்பதற்கு முன் ஓர் இரவு நீங்களே அதைப் போர்த்திக்கொண்டு தூங்கிப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு வரி தைக்க வேண்டியிருக்கிறது என்று பொருள்!

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர் பாட்டி