மெயின் லைனின் சிறு நிலையங்கள்: பொறுப்பு எல்லோருக்கும் உண்டு

கடலூர் முதுநகரை விட்டுக் கிளம்பும் பாசஞ்சர் வண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று சிதம்பரம் போய்ச் சேரும். தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1870களின் பிற்பகுதியில் போட்ட தடம் இது. இன்னும் சில ஆண்டுகளில் 150 வயது நிறைகிறது. அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்ட சிதம்பரம் நிலையம் 2025 மே 22 அன்று திறக்கப்பட்டது, மகிழ்ச்சிதான். நடுவில் இருக்கும் சிறு நிலையங்களின் வரலாற்றை யார் காப்பது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

பரங்கிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். போர்ச்சுகீசியர் 'போர்ட்டோ நோவோ' என்று அழைத்த துறைமுகம் அது. வெள்ளாற்று முகத்துவாரத்திலிருந்து மரைக்காயர்களின் மரக்கலங்கள் மலாக்கா வரை போய்வந்தன. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் மோதிக்கொண்டது இங்கேதான். 1830இல் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பு உருக்காலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது, உலைக்கு மரக்கரி. எரிக்க எரிக்கக் கரி போதவில்லை, போட்ட முதலும் திரும்பவில்லை. ரயில் வருவதற்கு முன்பே அந்த உலை அணைந்துவிட்டது. துறைமுகமும் மங்கிவிட்ட காலத்தில்தான் தண்டவாளம் வந்தது. கப்பலை நம்பியிருந்த ஊர் வண்டியை நம்பத் தொடங்கியது.

பெரியவர்கள் இன்றும் இதை 'மெயின் லைன்' என்றே சொல்கிறார்கள். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குக் கார்டு லைன் என்ற குறுக்குவழித் தடம் திறக்கும்வரை எழும்பூர் வண்டிகள் கடலூர், சிதம்பரம், மாயவரம், தஞ்சாவூர் வழியாகத்தான் திருச்சி போயின. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி சென்று இலங்கைக்குக் கப்பல் ஏறியவர்களும் இந்தத் தடத்தின் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். ஆருத்ரா தரிசனத்துக்கு வந்த கூட்டம், 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியபின் டிரங்குப் பெட்டியோடு வந்திறங்கிய மாணவர்கள், மீன் கூடையோடு ஏறிய பெண்கள் என எல்லோருக்கும் இதே தடம்தான். இந்த வரலாற்றில் எவ்வளவு எழுதி வைத்திருக்கிறோம்?

அகலப்பாதைப் பணிக்காக மீட்டர் கேஜ் வண்டிகளை நிறுத்தினார்கள். சில ஆண்டுகள் ரயிலே இல்லாமல் இருந்து, 2010இல்தான் மீண்டும் வண்டி ஓடியது. அகலப்பாதை தேவைதான், அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் கைகாட்டி மரம், டோக்கன் கருவி, அட்டை டிக்கெட்டில் தேதி குத்தும் இயந்திரம் எல்லாம் அந்தக் காலத்தோடு போய்விட்டன. ஒன்றையாவது எங்கள் ஊரிலேயே விட்டுவையுங்கள் என்று நாம் யாராவது மனு கொடுத்தோமா? திருச்சியில் 2014 முதல் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. எடுத்து வைத்திருந்து பிறகு அங்கே கொடுத்திருந்தாலும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கலாம்.

ரயில்வேயைக் குறை சொல்வது எளிது. ரயில்வேயும் உள்ளாட்சியும் ஒன்றையொன்று கைகாட்டுவதும் எளிது. அதன் விலை என்ன என்பதை இந்தத் தடம் மிகக் கொடூரமாகக் கண்டது. 2025 ஜூலை 8 அன்று, கடலூரை அடுத்த செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே சுரங்கப்பாதைக்கான அனுமதி யாரிடம் நின்றது என்பதே ஊருக்குள் பேச்சானது. உயிரைக் காக்கும் வேலையிலேயே பொறுப்பு இப்படி இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே நிற்குமானால், பழைய கட்டடத்தையும் பதிவேட்டையும் தேடி யார் வரப்போகிறார்கள்?

இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் தடத்தை அந்நாட்டு ரயில்வே மூடிவிடும் என்ற அச்சம் எழுந்தபோது, 1981இல் உள்ளூர் மக்கள் சங்கம் அமைத்தார்கள். மனு கொடுத்ததோடு நிற்காமல் டிக்கெட் வாங்கி அந்த வண்டிகளில் பயணம் செய்தார்கள். 1989இல் அரசு மூடும் முடிவைக் கைவிட்டது. அங்கே நிலையங்களைப் பராமரிப்பதில் தன்னார்வலர்களுக்கு இன்றும் பெரிய பங்கு உண்டு. நம்மால் ஏன் முடியாது?

முதலில் டிக்கெட். சாதாரண ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 2024இல் மீண்டும் 10 ரூபாய்க்கு வந்துவிட்டது. இரண்டு ஸ்டேஷன்தானே என்று டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவர், தன் ஊரில் ஆளே ஏறுவதில்லை என்று கணக்கெழுத வைக்கிறார். அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் எந்த வண்டி எங்கே நிற்பது என்று முடிவாகிறது. எங்கள் ஊரில் எக்ஸ்பிரஸ் நிற்கவேண்டும் என்று கேட்கும் வணிகர் சங்கங்கள் இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

திருச்சி கோட்டம் தன்னிடம் உள்ள பழைய வரைபடங்கள், கால அட்டவணைகள், புகைப்படங்களின் நகல்களைப் பொதுமக்கள் பார்க்கத் தரவேண்டும். நிலைய வாசல் வரை சாலையும் விளக்கும் போடுவதை உள்ளாட்சி தன் கடமையாக எடுத்துக்கொள்ளட்டும். பரங்கிப்பேட்டையிலேயே கடல் உயிரியல் மையம் நடத்தும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் வரலாற்று மாணவர்களையும் இங்கே அனுப்பலாம். ஓய்வுபெற்ற கேங்மேன்கள், கேட் கீப்பர்கள், கூடை சுமந்த பாட்டிமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கைபேசியிலேயே பதிவு செய்யலாம். ஆவணத்தைப் பிறகும் தேடி எடுக்கலாம், நினைவை அப்படி எடுக்க முடியாது. அதனால் இந்த வேலைதான் முதலில் நடக்கவேண்டும்.

150ஆம் ஆண்டு விழா எப்படியும் நடக்கும். பெரிய நிலையங்களில் பேனர் கட்டுவார்கள். அதற்கு முன்பே ஆலப்பாக்கம் முதல் கிள்ளை வரை ஒவ்வொரு நிலையத்திலும் அந்த ஊர் வரலாற்றைத் தமிழில் சொல்லும் பலகை ஒன்று இருக்கவேண்டும். வாசகத்தை ஊரார் கூடி எழுதட்டும், ரயில்வே இடம் தரட்டும், செலவை உள்ளாட்சியும் வணிகர்களும் பகிர்ந்துகொள்ளட்டும். இந்த ஆண்டின் கிராம சபை, பேரூராட்சிக் கூட்டங்களிலேயே இதற்கான தீர்மானத்தை நிறைவேற்றிக் கோட்ட மேலாளருக்கு அனுப்பலாம்.