அசுர சாதகம் மட்டும் போதுமா?

உயர்நிலை மூன்றில் படித்தபோது, எனது கர்நாடக இசை வயலின் தேர்வுக்கு இரண்டு மாதங்கள் இருந்தன. பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு எல்லாம் முடிந்து இரவு ஒன்பது மணிக்குத்தான் வயலினைக் கையில் எடுப்பேன். மோகன ராக வர்ணத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஐந்தாறு முறை வாசிப்பேன். சரண ஸ்வரத்தில் ஓர் இடம் மட்டும் இரண்டாம் காலத்தில் வராது. தவறியதும் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

சில வாரங்களில் இடது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலத்து வித்துவான்களின் அசுர சாதகத்தைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவள் நான். வலிக்கிறது என்றால் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். தேர்வில் அதே இடத்தில்தான் தவறினேன். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக வயலின் பெட்டியைத் திறக்கவே இல்லை.

இப்போது பல்கலைக்கழகத்தில் உளவியல் பயில்கிறேன். ஆன்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993ல் வெளியிட்ட ஆய்வை அங்குதான் படித்தேன். பெர்லின் இசைக் கல்லூரியில் வயலின் பயின்ற மாணவர்களில் மிகச் சிறந்தவர்கள், 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். மால்கம் கிளாட்வெல் 2008ல் எழுதிய ‘அவுட்லையர்ஸ்’ நூல் அந்த எண்ணை உலகெங்கும் பிரபலமாக்கியது.

ஆனால், அதே ஆய்வின் மற்ற தகவல்கள் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்த மாணவர்கள் ஒரே மூச்சில் மணிக்கணக்கில் வாசிக்கவில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற்குள் நிறுத்தி ஓய்வெடுத்தார்கள். பிற்பகலில் குட்டித் தூக்கம் போட்டார்கள். திறனில் கடைசிப் பிரிவில் இருந்தவர்களைவிட அதிக நேரம் தூங்கினார்கள். நானோ தூக்கத்தைக் குறைத்துக்கொண்டதைப் பெருமையாக நினைத்தேன்!

உழைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறந்தவர்கள் அதிகம் உழைத்தவர்கள்தாம். ஆனால் 2014ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசைத் திறனில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 21 விழுக்காட்டை மட்டுமே பயிற்சியின் அளவு விளக்கியது. எத்தனை மணி நேரம் என்பதோடு, அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். முதலிலிருந்து திரும்பத் திரும்ப வாசித்தபோது, எனக்கு ஏற்கெனவே வந்த பகுதிகளைத்தான் நான் அதிகம் பயின்றேன். வராத அந்த ஓர் ஆவர்த்தனத்திற்குச் சில நொடிகள்தான் கிடைத்தன.

சென்ற ஆண்டு மீண்டும் வாசிக்கத் தொடங்கினேன். நாளுக்கு அரை மணி நேரம். தவறும் இடத்தை மட்டும் முதல் காலத்தில் மெதுவாக வாசித்து, எந்த விரல் தாமதிக்கிறது என்று கவனிக்கிறேன். களைப்பாக இருந்தால் பெட்டியை மூடிவிடுகிறேன். மணிக்கட்டு வலியை இம்முறை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கையை வைக்கும் விதத்தைத் திருத்தினார்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். “எவ்வளவு நேரம் சாதகம் செய்தாய்?” என்பதோடு, “இன்று எந்த இடம் சரியாக வந்தது?” என்றும் கேளுங்கள். வலியை மறைத்துக்கொண்டு வாசிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த வகுப்பிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அன்றே நான் சொல்லியிருந்தால், ஓராண்டு இசையை இழந்திருக்க மாட்டேன்.