வயல்ல பிறந்த கணக்கு, ஐ.சி.யூ. வரைக்கும் போன கதை

எங்க பக்கம் கும்பப்பூ நடவு முடிஞ்சு களை பறிக்கிற குளிர் மாசங்கள்லதான் உண்ணிக் காய்ச்சலும் தலைகாட்டும். பேருல உண்ணி இருக்கேன்னு மாட்டு உண்ணியை நினைச்சுக்கிடாதீங்க. இது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியோட குஞ்சு. புல்லுலயும் புதர்லயும் கிடக்கும்; கடிச்சா வலிக்காது. டாக்டர்மார் ஸ்க்ரப் டைஃபஸ்ங்கிறாங்க. கடிச்ச இடத்துல சிகரெட் சுட்டாப்ல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். எல்லாருக்கும் இருக்காது; இருந்தாலும் அக்குள், தொடையிடுக்குன்னு யாரும் பார்க்காத இடமாத்தான் இருக்கும்.

எங்க சொந்தத்துல ஒரு அத்தைக்குப் பாவாடை நாடா இறுக்குற இடத்துல இருந்துச்சு. 9 நாள் காய்ச்சல். ரெண்டு இடத்துல காட்டியும் யாரும் பார்க்கல. மூச்சு இரைச்ச பிறகு ஐ.சி.யூ. அங்க ஒரு நர்ஸ் பிள்ளைதான் துணி மாத்தும்போது கண்டுபிடிச்சுது. அத்தை பிழைச்சுட்டா. நாங்க வெளியே பாய் விரிச்சுக் கிடந்த 11 நாள்ல, ரெண்டு ஜோடி வளையல் வடசேரியில அடகுக்குப் போச்சு.

இந்தக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்கிளினும் அசித்ரோமைசினும் பல வருஷமாக் கொடுக்கிறதுதான். நோய் முத்தின ஆளுக்கு எது நல்லது, ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தா என்ன? வேலூர் சி.எம்.சி. டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில, இந்தியாவுல 7 ஆஸ்பத்திரிகள்ல, உறுப்பு பாதிச்ச சுமார் 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில மூணா பிரிச்சு, 7 நாள் ரத்தக்குழாய் வழியா மருந்து ஏத்திப் பார்த்தாங்க. முடிவு 2023-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. 5-ஆம் நாளும் காய்ச்சல் விடாதவங்க, 7-ஆம் நாளும் உறுப்புக் கோளாறு தீராதவங்க, 28 நாளுக்குள்ள இறந்தவங்க, எல்லாரையும் சேர்த்து எண்ணினா ஒத்தை மருந்துல 100-க்கு 47, 48 பேர். ரெண்டும் சேர்ந்தா 33 பேர். சாவை மட்டும் தனியாப் பார்த்தா பெரிய வித்தியாசம் இல்லை. அதையும் மறைக்காம எழுதியிருக்காங்க. அதனாலயே எனக்கு அந்தக் கணக்கு மேலே நம்பிக்கை.

"ஏழையைச் சோதனை எலி ஆக்குறாங்க அண்ணாச்சி" என்று பட்டணத்துத் தம்பிமார் சொல்லுவாங்க. சந்தேகப்படுறது தப்பில்லை. ஆனா ஒரு டாக்டர் தன் பழக்கத்துக்கு ஒரு மருந்தும், பக்கத்து டாக்டர் இன்னொண்ணும் கொடுக்கிறாரே, அதுவும் சோதனைதானே? யாரும் நோட்டுல எழுதி வைக்காத சோதனை. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துல ஒரு ரகத்தைச் சும்மாவா வெளியிடுறாங்க? பாத்தி பாத்தியாப் பிரிச்சு, எந்தப் பாத்திக்கு எந்த விதைன்னு குலுக்கிப் போட்டுத்தான் ஒப்பிடுறாங்க. இந்தக் குலுக்கல் முறையே வயல்ல பிறந்ததுதான். 1920-கள்ல இங்கிலாந்துல ராதம்ஸ்டெட் பண்ணையில ஃபிஷர்னு ஒருத்தர் வகுத்தது. மருத்துவம் அதைப் பிறகுதான் எடுத்துக்கிட்டுது. விவசாயி இதுல கொஞ்சம் பெருமைப்பட்டுக்கலாம்.

எனக்குக் கோபம் வேற இடத்துல. நினைவில்லாத ஆளுக்காகச் சொந்தக்காரங்கதான் கையெழுத்துப் போடணும். ராத்திரி ரெண்டு மணிக்கு, அழுதுட்டு நிக்கிறவங்க கையில காகிதத்தை நீட்டினா போதாது. எங்க பேச்சுல உட்கார்ந்து சொல்லணும். வேண்டாம்னாலும் வைத்தியம் குறையாதுன்னும் சொல்லணும்.

இன்னொண்ணு, ரெண்டுமே பழைய மருந்து. எந்தக் கம்பெனிக்கும் இதுல பெரிய லாபம் கிடையாது. இந்திய அரசும் இங்கிலாந்து வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துற அமைப்பு பணம் கொடுத்ததாலதான் இது நடந்துச்சு. வயக்காட்டு நோய்க்கெல்லாம் இப்படிப் பொதுப் பணம் வரணும். வந்த முடிவு வேலூரோட நிக்காம தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் வரணும்.

அதுவரைக்கும், எங்க வயல்ல களை பறிக்க வர்ற பெண்கள்கிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்: காய்ச்சல்னு போனா, டாக்டர் கேக்காட்டியும், வயல்ல வேலைன்னு முதல்ல சொல்லிருங்க.